விண்டோஸ் 11-ஐ நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்க முடியுமா?

திருப்பூர்ல பனியன் கம்பெனி ஆபீஸ்ல புது சிஸ்டம் வாங்கிருக்கீங்க, ஸ்டார்ட் பட்டன் நடுவுல நிக்குது, ரைட் கிளிக் பண்ணா பழைய மெனு வரமாட்டேங்குது, தமிழ்லயும் டைப் பண்ணோணும்னு கேட்டிருக்கீங்க. எல்லாமே முடியுமுங்க, தனியா சாஃப்ட்வேர் எதும் போடவேண்டாம்.

டாஸ்க்பார்ல, அதாவது ஸ்கிரீனுக்கு அடியில இருக்கற பட்டையில, காலியா இருக்கற எடத்துல ரைட் கிளிக் பண்ணி டாஸ்க்பார் செட்டிங்ஸ் போங்க, அடியில பிஹேவியர்ஸ்னு இருக்கும், அதுல அலைன்மென்ட்டை லெஃப்ட்னு வெச்சா பட்டன் பழையபடி மூலைக்கு வந்துரும். பழைய மெனுவுக்கு ஷிஃப்ட்டை அமுக்கிட்டே ரைட் கிளிக், அவ்வளவுதான். ரெஜிஸ்ட்ரிய (விண்டோஸோட உள் செட்டிங்ஸ் எல்லாம் இருக்கற எடம்) மாத்தச் சொல்லி யூடியூப்ல ஆயிரம் பேர் சொல்லுவாங்க, பில்லு போடற சிஸ்டத்துல அந்த வேலையெல்லாம் வேண்டாமுங்க.

தமிழுக்கு செட்டிங்ஸ்ல டைம் அண்ட் லாங்குவேஜ் போயி தமிழைச் சேர்த்துட்டு, கீபோர்டுல தமிழ்99 எடுத்துக்கங்க, உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கும் மெய்யில பெரும்பாலானது வலது கைக்கும் வர்றதால பழகிட்டா வேகமா போகும், இங்கிலீஷ்லயே அடிச்சுப் பழகுனவங்களுக்கு ஃபொனெட்டிக்கே (amma-னு அடிச்சா அம்மானு வர்றது) போதும். விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்து அமுக்குனா இங்கிலீஷுக்கும் தமிழுக்கும் மாறிக்கும்.

நீங்க கேக்காத ஒண்ணு: ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல வியூ, அதுக்குள்ள ஷோ, அதுல ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ (ஃபைல் பேருல கடைசி புள்ளிக்கு அப்பறம் வர்ற எழுத்து, அது என்ன மாதிரி ஃபைலுன்னு சொல்லும்) டிக் பண்ணிருங்க. பையர் அனுப்புன மாதிரி மெயில்ல ஆர்டர்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ-ன்னு வர்ற ஃபைலு (இஎக்ஸ்இ-ன்னா ஓடற புரோகிராம்), இது ஆஃப்ல இருந்தா வெறும் ஆர்டர்.பிடிஎஃப்-னுதான் தெரியும், கிளிக் பண்ணா வைரஸ் ஓட ஆரம்பிச்சிருமுங்க. கலரு, வால்பேப்பரெல்லாம் அப்பறமா பொறுமையா மாத்திக்கலாம்.