போர்க்கள மருத்துவத்தை நம்பும்படி காட்டிய போர்ப் படங்கள் எவை?

நான் மருத்துவர் இல்லை. காசிமேட்டுக்காரி, வடசென்னையில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். போரைப் பார்த்ததில்லை, கை நசுங்கி வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்த அளவில்தான் இந்தப் பதில்.

முதலில் ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். இடுக்கியால் தோண்டி, குண்டை எடுத்து, தட்டில் 'டங்' என்று போட்டவுடன் எல்லோரும் பெருமூச்சு விடுவார்களே, அந்தக் காட்சி. நம் ஊர்ப் படமானாலும் ஹாலிவுட்டானாலும் அதேதான். உள்ளே தங்கிய குண்டு பெரும்பாலும் சும்மா கிடக்கும். ஆளைக் கொல்வது ரத்தப்போக்கும், குண்டோடு உள்ளே போன துணியும் மண்ணும்தான். அதனால்தான் போர்முனையில் செத்த சதையை வெட்டியெடுத்துவிட்டு, காயத்தைத் தைக்காமல் திறந்தே விடுவார்கள். நான்கைந்து நாள் கழித்துத்தான் தையல். இதைக் காட்டினால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

என் கணக்கில் முதலிடம் 'சேவிங் பிரைவேட் ரையன்' (1998). பர்மா பஜாரில் வாங்கிய டிவிடியில் பார்த்தேன். கடற்கரைக் காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது அந்தக் குழுவின் மருத்துவ வீரன் வேட் இறக்கும் காட்சி. வயிற்றில் குண்டு பாய்ந்து கிடக்கிறான். என்ன செய்யவேண்டும் சொல் என்று நண்பர்கள் அவனையே கேட்கிறார்கள். தன் காயத்தைத் தானே புரிந்துகொள்கிறான்: கல்லீரல். அதற்குப் பிறகு அவன் கேட்பது மார்பின் என்ற வலி மருந்து, இன்னும் கொஞ்சம். அது எதற்கு என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். பிழைக்கமாட்டார் என்று தெரிந்த ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு அந்த மௌனம் பழக்கமானது.

'கான் வித் த விண்ட்' (1939) படத்தில், ரயில் நிலையத்தில் கேமரா மேலே எழும்ப எழும்பக் காயம்பட்டவர்கள் பரந்துகொண்டே போவார்கள். துணை நடிகர்கள் போதாமல் இடையிடையே பொம்மைகளைப் படுக்கவைத்தார்களாம். பரவாயில்லை, திகில் குறையவில்லை. ஆனால் மயக்க மருந்தில்லாமல் காலை அறுப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம் என்று அதில் வரும் அறுவைக் காட்சியைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். அந்தப் படம் காட்டும் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெரும்பாலான அறுவைகள் குளோரோஃபார்மோ ஈதரோ கொடுத்துத்தான் நடந்தன.

'மேஷ்' (1970) படத்தின் கேலியும் கும்மாளமும் எல்லோருக்கும் பிடிக்காது. ஆனால் அறுவை அரங்கில் கை ஒரு வேலையும் வாய் இன்னொரு வேலையும் பார்க்கும் என்பது சத்தியமான உண்மை. அது கொரியப் போர். முன்னணிக்கு அருகிலேயே கூடார மருத்துவமனை, ஹெலிகாப்டரின் வெளிப்பக்கத்தில் ஸ்ட்ரெச்சர். இரண்டாம் உலகப் போரில், மருத்துவமனை வரை வந்துசேர்ந்த அமெரிக்க வீரர்களில் நூற்றுக்கு 4.5 பேர் இறந்தார்கள். கொரியாவில் அது 2.5 ஆனது. அதே போரில் நம் ராணுவத்தின் 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவும் இருந்தது. தலைமை ஏ.ஜி.ரங்கராஜ். 1950இல் பியோங்யாங்கிலிருந்து பின்வாங்கும்போது மருத்துவக் கருவிகளை விட்டுவர மனமில்லாமல், ஒரு நீராவி இன்ஜினைத் தேடிப்பிடித்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். 1951 மார்ச்சில் முன்சானில் அமெரிக்கர்களோடு பாராசூட்டில் குதித்தார்கள். இதையெல்லாம் படமாக எடுக்க நம்மவர்களுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

படங்களில் ரத்தத்தை நிறுத்த பெல்ட்டை உருவி ஒரு இழுப்பு இழுப்பார்கள். அந்த அழுத்தம் போதாது. சில வருடங்களுக்கு முன் விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் கை சிக்கிய ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முழங்கைக்கு மேலே துண்டைச் சுற்றி, முடிச்சுக்குள் ஒரு ஸ்பேனரைச் செருகி, இரண்டு மூன்று சுற்று முறுக்கி, ஸ்பேனர் சுழலாமல் வலைக்கயிற்றால் கட்டியிருந்தார்கள். ராணுவத்தில் சொல்லித்தருவதும் இதே முறைதான். கட்டியவரிடம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "கயிறு இறுக்கறதுக்குப் பாடமா, சிஸ்டர்?" என்றார்.

கயிறு என்றதும் 'ஹாக்சா ரிட்ஜ்' (2016). துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்ற அமெரிக்க மருத்துவ வீரர் டெஸ்மண்ட் டாஸ், 1945இல் ஒகினாவாவில் காயம்பட்ட ஏறத்தாழ 75 பேரைப் பாறை விளிம்பிலிருந்து கயிற்றில் இறக்கிய உண்மைக் கதை. சண்டைக் காட்சிகள் கொஞ்சம் மிகைதான். ஆனால் நடந்ததை அவர்கள் குறைத்தும் விட்டார்கள். காலில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போகும்போது, தன்னைவிட மோசமான ஒருவரைப் பார்த்து டாஸ் இறங்கி இடம் கொடுத்தார். அப்புறம் கையெலும்பு முறிந்தது. ஒரு துப்பாக்கியின் கட்டையைக் கையோடு வைத்துக் கட்டிக்கொண்டு 300 கெஜம் தவழ்ந்தார். துப்பாக்கியால் அவருக்கு ஆன உபயோகம் அவ்வளவுதான்! படத்தில் இது இல்லை.

இந்தப் படத்தை நைனாவோடு பார்த்தேன். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். ரத்தத்தையோ தீயையோ அவர் பார்க்கவே இல்லை. இரட்டைக் கண்ணி முடிச்சு வரும் இடத்தை மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னார். பிறகு கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து, என் பையனின் இரண்டு கால்களையும் இரண்டு கண்ணியில் நுழைத்து, மார்பில் ஒரு சுற்றுப் போட்டு, ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்தார். முடிச்சு இம்மி நகரவில்லை. பையன்தான் இறங்கமாட்டேன் என்று சோறு ஆறும்வரை தொங்கிக்கொண்டிருந்தான்.