"50 வருஷத்துக்கு ஒரு தடவை தான் அப்படி வெயில் அடிக்கும்" – நம்பி கடன் வாங்கலாமா?

கேள்வி: 20 வருஷ லோன்ல ஒரு கோல்ட் ஸ்டோரேஜ் வாங்கப் போறேன். கடுமையான வெயிலோ பனியோ வந்தா என்ன ஆகும்னு கேட்டேன், அதெல்லாம் 50 வருஷத்துக்கு ஒருக்க தான்னு விக்கிறவர் சொல்றார். இதுக்குன்னு தனியா பணம் ஒதுக்கணுமா?

பதில்: கண்டிப்பா ஒதுக்கணுங்க. 50 வருஷத்துக்கு ஒருக்கன்னா வருஷத்துக்கு 2 சதவீத வாய்ப்பு, அது அடுத்த மாசமே கூட வரலாம். உங்க லோன் முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது வர்றதுக்கு 33 சதவீதம், அதாவது மூணுல ஒண்ணு. அதுவும் பழைய ரெக்கார்ட வச்சு போட்ட கணக்கா இருந்தா இன்னும் மோசம், ஏன்னா 1850-1900 காலத்துல 50 வருஷத்துக்கு ஒருக்க வந்த வெயில் இப்ப கிட்டத்தட்ட 4.8 மடங்கு அடிக்கடி வருதுன்னு ஐ.நா.வோட காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியோட 2021 அறிக்கை சொல்லுது, உலக நிலப்பரப்போட சராசரி தான் அது, ஆனா அதையே உங்களுக்கும் போட்டுப் பார்த்தா 20 வருஷத்துல 87 சதவீதம் வருது. அதனால எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும் எடுத்த ரெக்கார்டுன்னு முதல்ல கேளுங்க.

கடுங்குளிர் பொதுவா குறைஞ்சிட்டு வருது, ஆனா போயிடல. 2021 பிப்ரவரில டெக்சாஸ்ல 40 லட்சத்துக்கும் மேல கனெக்‌ஷன்ல கரண்ட் போச்சு, கரண்ட் மொத்த விற்பனைச் சந்தைல ஒரு மெகாவாட் ஹவர் (1,000 யூனிட்) 9,000 டாலருக்கு ஏறுச்சு, சந்தை விலைக்கே கரண்ட் வாங்கின வீடுகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்துச்சு. உங்க கரண்ட் ஒப்பந்தத்துல விலைக்கு உச்சவரம்பு இருக்கான்னு பாருங்க.

நான் பயப்படறது எல்லாம் ஒரே நாள்ல சேந்து விழறதுக்கு தான். வெளிய சூடு ஏறினா உள்ள இருக்கற சூட்டை வெளிய தள்ளற கண்டென்சரால அதைச் செய்ய முடியாம பிரஷர் ஏறி கம்ப்ரஸர் ட்ரிப் ஆகி நின்னுடும், அதே நேரம் ஊரே ஏசி போடறதால கரண்டும் போகும், ஜெனரேட்டரும் அந்தச் சூட்டுல முழு பவர் தராது. உறைபனில டீசல் மெழுகாட்டம் கட்டிக்கும், பைப்ல தண்ணி உறைஞ்சா 9 சதவீதம் விரிஞ்சு பைப்பே வெடிக்கும்.

அதனால சரக்கு நிறைஞ்சிருக்கற நாள்ல எல்லாமே கெட்டுப்போனா எவ்வளவு நஷ்டம், ரிப்பேர் எவ்வளவு, வருமானமே இல்லாம மூணு மாச இஎம்ஐ எவ்வளவு, மூணையும் கூட்டுங்க. இன்சூரன்ஸ்ல கரண்ட் போய் சரக்கு கெட்டா பணம் வருமான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க, பல பாலிசில அது தனி கவர். வெப்பம் ஒரு அளவைத் தாண்டினாலே பணம் தர்ற பாலிசியும் இருக்கு, ஆனா அளவு எடுக்கற ஸ்டேஷன் உங்க இடத்துல இருந்து தள்ளி இருந்தா உங்களுக்கு நஷ்டமாகியும் காசு வராம போகலாம். இன்சூரன்ஸ் போக மிச்சம் நிக்கிற தொகையை நீங்க தாங்க முடியலைன்னா விலையைக் குறைச்சுக் கேளுங்க, அவர் குறைக்கலைன்னா அட்வான்ஸ் குடுக்காதீங்க.