பிளேடு ரன்னர் இசை: எந்தத் தொகுப்பை வாங்குவது?

கேள்வி: 1982 ஆம் ஆண்டு வெளிவந்த பிளேடு ரன்னர் படத்தின் பின்னணி இசை என்றால் என் கணவருக்கு உயிர். அவருடைய பிறந்தநாளுக்கு அதன் குறுந்தகட்டை வாங்கித் தரலாம் என்று தேடினால், ஒரே பெயரில் பல தொகுப்புகள் கண்ணில் படுகின்றன. ஒன்றில் ஏதோ ஓர் ஆர்க்கெஸ்ட்ராவின் பெயர் இருக்கிறது. இன்னொன்று மூன்று தகடுகள் கொண்டது. மாதிரிக்குக் கேட்ட ஒன்றில் இசைக்கு நடுவே நடிகர்கள் பேசுகிறார்கள். படத்தில் கேட்ட இசை அப்படியே எதில் இருக்கிறது?

பதில்: படத்தில் ஒலிக்கும் இசை முழுவதையும் அப்படியே தரும் ஒற்றைத் தகடு அதிகாரபூர்வமாக இன்றுவரை இல்லை. ஆனாலும் உங்கள் கணவரின் ரசனையைப் பொறுத்து, கிடைப்பவற்றுள் பொருத்தமானதைத் தேர்ந்தெடுப்பது கடினமன்று. அதற்கு இந்தத் தொகுப்புகள் எந்த வரிசையில் வெளிவந்தன என்பதை மட்டும் அறிந்துகொண்டால் போதும்.

ரிட்லி ஸ்காட் இயக்கிய இப்படத்துக்குக் கிரேக்க இசையமைப்பாளர் வாங்கெலிஸ் லண்டனில் இருந்த தம் சொந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், பெரும்பாலும் தாமே வாசித்து இசை அமைத்தார். யமஹா சிஎஸ்-80 என்ற சின்தசைசரே (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் விசைப்பலகை இசைக்கருவி) அதன் முதன்மைக் கருவி. இசைத்தட்டு பாலிடோர் நிறுவனத்தில் கிடைக்கும் என்று படத்தின் இறுதி எழுத்துகளிலேயே அறிவிப்பு இருந்தும், அப்படி ஒரு தட்டு வெளிவரவே இல்லை. அவ்விடத்தை நிரப்ப 1982 இலேயே வந்ததுதான் நீங்கள் பார்த்த ஆர்க்கெஸ்ட்ரா தொகுப்பு. அதில் வாங்கெலிஸின் மெட்டுகளை நியூ அமெரிக்கன் ஆர்க்கெஸ்ட்ரா என்னும் குழு மறுபடியும் வாசித்திருக்கிறது. வாசிப்பில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மழையும் புகையும் படிந்தாற்போன்ற அந்தச் சின்தசைசர் ஒலிக்காகவே இந்த இசையை நேசிப்பவர் உறையைப் பிரித்துக் கேட்டால் ஏமாந்துபோவார். ஆகவே அதைப் பரிசாக வாங்க வேண்டாம்.

வாங்கெலிஸ் வாசித்த மூல ஒலிப்பதிவுகளில் மூன்று மட்டும் 1989 இல் தீம்ஸ் என்ற அவருடைய திரட்டில் இடம்பெற்றன: படத்தின் இறுதி இசை, காதல் இசை, மெமரீஸ் ஆஃப் கிரீன். இவற்றுள் மூன்றாவது, படத்துக்கென்று எழுதப்பட்டதே அன்று. 1980 இல் வெளிவந்த அவருடைய ஆல்பம் ஒன்றிலிருந்து எடுத்தாளப்பட்டது. சுருதி லேசாகக் கலைந்தாற்போல் ஒலிக்கும் பியானோவும் அதன் பின்னால் விட்டுவிட்டுக் கேட்கும் மின்னணுக் கீச்சொலிகளும், தன் நினைவுகள் தன்னுடையவை அல்ல என்று அறிந்து கலங்கும் படத்தின் நாயகி ரேச்சலுக்காகவே செய்தவை போல அமைந்துவிட்டது தற்செயலின் கொடை என்றே சொல்ல வேண்டும்.

படம் வெளிவந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1994 இல்தான் வாங்கெலிஸின் பெயரில் முறையான ஆல்பம் வந்தது. நீங்கள் மாதிரிக்குக் கேட்டது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். இதைத் திரைப்படத்தின் இசைப் பதிவேடாகக் கருதி வாங்குவதால்தான் பலருக்கு மனக்குறை உண்டாகிறது. உண்மையில், 1982 இல் செய்த ஒலிப்பதிவுகளை எடுத்து, வரிசையை மாற்றி, படத்தில் பயன்படாதவற்றையும் சேர்த்து, தனியே கேட்பதற்கான ஒரு படைப்பாக அவர் கோத்தது இது. பாடகி மேரி ஹாப்கின் குரல் ஒலிக்கும் ரேச்சல்ஸ் சாங் படத்தில் எங்கும் வருவதில்லை; ஆனால் ஆல்பத்தின் மிக அழகான பகுதிகளில் அதுவும் ஒன்று. டிக் மோரிசியின் சாக்சஃபோன் காதல் இசையிலும், டெமிஸ் ரூசோஸின் குரல் டேல்ஸ் ஆஃப் தி ஃபியூச்சரிலும் ஒலிக்கின்றன. ஏறத்தாழ ஒன்பது நிமிடம் நீளும் பிளேடு ரன்னர் புளூஸ் ஒன்றுக்காகவே இந்தத் தகட்டுக்கு விலை கொடுக்கலாம் என்பது என் கருத்து.

இனி, உங்களை உறுத்திய வசனங்களுக்கு வருவோம். முதல் உருப்படியான மெயின் டைட்டில்ஸை ஒலிக்கவிட்டால், தீப்பிழம்பு கக்கும் நகரத்தின் மேல் படத்தில் எழும் அந்தப் பெருமுழக்கத்துக்கு முன்பே, புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கும்படி கருவிக்குக் கட்டளையிடும், நாயகன் டெக்கார்டாக நடித்த ஹாரிசன் ஃபோர்டின் குரல் வந்துவிடுகிறது. படத்தின் நடுப்பகுதியில் வரும் காட்சியின் குரல் அது. தொடக்க இசைக்கும் அதற்கும் படத்தில் தொடர்பே இல்லை. பிளஷ் ரெஸ்பான்ஸிலும் இவ்வாறே உரையாடல் உண்டு. கடைசி உருப்படியான டியர்ஸ் இன் ரெயினில், ராயாக நடித்த ரட்கர் ஹவுர் மழையில் நனைந்தபடி பேசும் சாவுக்கு முந்தைய வசனம் இடம்பெற்றிருக்கிறது. நம் ஊரில் முன்பு விற்ற கதை வசன ஒலிநாடாவைப் போல முழு வசனமும் இருக்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. சில இடங்களில் மட்டுமே குரல்கள் வருகின்றன. இறுதி வசனம் இசையோடு ஒட்டிப் பிறந்ததைப் போலவே இருக்கிறது. முதல் உருப்படியில் மட்டும் அது இல்லாதிருந்திருக்கலாம் என்று எனக்கும் தோன்றுவதுண்டு.

மூன்று தகடுகள் கொண்ட தொகுப்பு, படத்தின் இருபத்தைந்தாம் ஆண்டையொட்டி 2007 இல் வெளியிடப்பட்டது. அதன் முதல் தகடு மேற்சொன்ன 1994 ஆல்பமேதான். ஆகவே அது ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ஒரு பங்கு விலை வீண். இரண்டாவது தகடே உங்கள் கேள்விக்கு மிக நெருங்கிய விடை: அதுவரை வெளிவராமலிருந்த இசை பன்னிரண்டு உருப்படிகளாக அதில் இருக்கிறது. டைரலின் ஆந்தை, கண்கள் செய்யும் சூவின் கூடம், டெக்கார்டும் ராயும் மோதும் கட்டம் எனப் படத்தின் காட்சிகளையே தலைப்புகள் சுட்டுவதால், தேடிக் கேட்பதும் எளிது. மூன்றாவது தகட்டில் இருப்பது படத்தின் இசையன்று. படத்தை நினைவில் வைத்து வாங்கெலிஸ் புதிதாக இயற்றியது. அதில் திரைப்பட இயக்குநர் ஆலிவர் ஸ்டோன் உள்ளிட்ட சிலரின் பேச்சுக் குரல்களும் கலந்து வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இத்தனைக்குப் பிறகும், வசனம் கலவாத தொடக்க இசை இம்மூன்று தகடுகளிலும் இல்லை.

இந்தக் குறையைப் பயன்படுத்திக்கொண்டுதான் 1993 முதல் அனுமதியற்ற பதிப்புகள் பெருகின. அதிக நிமிடங்கள், வசனமில்லாத இசை என்று ஆசை காட்டும் அவை பழைய பொருள் சந்தையில் கொள்ளை விலைக்கு வரும். இசையமைப்பாளருக்கு ஒரு காசும் போய்ச் சேராத அத்தகைய தகட்டை, அதுவும் பிறந்தநாள் பரிசாக, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் கணவரிடம் எந்தத் தகடும் இல்லையென்றால் 2007 தொகுப்பையே வாங்குங்கள். 1994 ஆல்பம் இருந்து, இரண்டாம் தகட்டுக்காக மட்டும் வாங்குவதானாலும் எனக்கு மறுப்பில்லை. குரல் கேட்டாலே எரிச்சல்படுபவர் என்றால், மூன்றே உருப்படிகள் என்றாலும் தீம்ஸ் அவருக்கு ஏற்றது. பழைய தகடாக வாங்கும்போது உறையில் வாங்கெலிஸ் பெயர் இருக்கிறதா, மூன்று தகடுகளும் உள்ளே இருக்கின்றனவா என்று விற்பவரிடம் படம் கேட்டுப் பெறுங்கள். பெயரின் பின்னால் 2049 என்ற எண் இருந்தால் அது 2017 இல் வந்த தொடர்ச்சிப் படம். அதற்கு இசை ஹான்ஸ் ஸிம்மரும் பெஞ்சமின் வால்ஃபிஷும்.