அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) போர்மாவில், அதாவது பருப்பை உலர்த்தும் சூட்டறையில், ரேம்ப்-சோக் கன்ட்ரோலருக்கு (சூட்டைப் படிப்படியாக ஏற்றி, பிறகு அதே சூட்டில் நிறுத்தும் கருவிக்கு) புரோகிராம் போடுவது எப்படி? 6 மணி நேரம் ஓடி முடிந்தும் பருப்பில் தோல் கழலவில்லையே, ஏன்?

ஹோல்ட்பேக் (உள்ளே சூடு பின்தங்கினால் நேரக் கணக்கை நிறுத்தி வைக்கும் அமைப்பு) ஆஃபில் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீங்கள் சொல்லும் கோளாறுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

புரோகிராம் சின்னதுதான். முதல் செக்மென்டில் (கட்டத்தில்) 30-லிருந்து 70 டிகிரிக்கு 1 மணி நேரம், இரண்டாவதில் 70-லேயே 6 மணி நேரம், அதன்பின் எண்ட். ஹீட்டர் அணைந்த பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடும்படி ஈவென்ட் ரிலேயை (புரோகிராம் சொல்லும் நேரத்தில் இயங்கும் சுவிட்சை) அமைத்துவிடுங்கள். நேர யூனிட் மணி:நிமிடமா, நிமிடம்:நொடியா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். மாறியிருந்தால் 6:00 என்பது வெறும் 6 நிமிடம்.

தட்டு நிறைய ஈரப் பருப்பு இருக்கையில் ஹீட்டரால் அந்த ரேம்ப்பைத் தொடர முடியாது. செட்பாயின்ட் (கன்ட்ரோலர் கேட்கும் சூடு) 70-ஐத் தொட்டிருக்கும், உள்ளே 58-தான் இருக்கும், ஆனால் சோக் கடிகாரம் (70-ல் நிற்க வேண்டிய நேரத்தின் கணக்கு) ஓடத் தொடங்கிவிடும். தட்டு மாற்றிப் போடக் கதவைத் திறக்கும்போதும் இதே கதைதான். ஹோல்ட்பேக்கை ‘லோ’ வகையில் 3 டிகிரி வையுங்கள். 67-க்குக் கீழே போனால் கடிகாரம் நிற்கும். 1 டிகிரி என்று இறுக்கினால் புரோகிராம் நகராமலே நிற்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டார்ட் முறையில் பிவி-யைத் (சென்சார் காட்டும் உண்மையான சூட்டை) தேர்ந்தெடுங்கள். முந்தின லோடின் சூட்டில் போர்மா 55-ல் இருக்கும்போது செட்பாயின்ட் 30-லிருந்து கிளம்பினால், அது 55-ஐ எட்டும்வரை ஹீட்டர் சும்மாதான் கிடக்கும்.

நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் உண்டு. ஐப்பசி இடிமழையில் கரண்ட் போய்ப் போய் வரும். பவர்-ஃபெயில் அமைப்பு ‘ரீசெட்’டில் இருந்தால் ராத்திரி லோடு பாதியிலேயே நின்றுவிடும். ‘கன்டினியூ’ போட்டு, கூடவே ஹோல்ட்பேக்கும் இருந்தால், ஆறிப்போன போர்மா மறுபடி சூடேறும்வரை கடிகாரம் காத்திருக்கும். ஹோல்ட்பேக் இல்லாமல் ‘கன்டினியூ’ மட்டும் போடுவதில் பெரிய பயன் இல்லை.

ஓடும்போது திருத்த வேண்டுமானால் ஹோல்ட் போட்டுவிட்டுத் திருத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் செக்மென்டில் செய்த மாற்றத்தைச் சில மாடல் உடனே எடுக்கும், சில அடுத்த ஓட்டத்தில்தான் எடுக்கும். அதனால் மாற்றிய மதிப்புகளை வேறு புரோகிராம் எண்ணில் போட்டு, அடுத்த லோடுக்கு ஓட்டிப் பார்ப்பதே நல்லது. பழையது கெடாமல் இருக்கும்.

ஆட்டோடியூனைக் (கன்ட்ரோலர் தன் கட்டுப்பாட்டு எண்களைத் தானே கண்டுகொள்ளும் ஓட்டத்தை) காலிப் போர்மாவில் செய்யாதீர்கள். லோடு ஏற்றி, ஃபேன் ஓட, 65-ல் செய்யுங்கள். டியூன் ஆகும்போது சூடு மேலே தாண்டும், அதனால்தான் 70-க்குக் கீழே செய்வது. ஹீட்டரை இயக்குவது எஸ்எஸ்ஆர் (அசையும் பாகமில்லாத மின்னணு ரிலே) என்றால் சைக்கிள் டைம் (ஒருமுறை ஆன்-ஆஃப் ஆகும் நேரம்) 2 நொடி போதும். கான்டாக்டர் (காந்தத்தால் மூடித் திறக்கும் சுவிட்ச்) என்றால் 20 வையுங்கள், இல்லாவிட்டால் அதன் காண்டாக்ட் சீக்கிரம் தேய்ந்து கருகும்.

கடலோர உப்புக்காற்றில் சென்சார் டெர்மினல் பச்சை பிடிக்கும். பிடி-100 சென்சாரில் (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் வகை) 0.385 ஓம் மாற்றம் என்றால் 1 டிகிரி. மூன்று ஒயரில் ஒன்றில் மட்டும் துரு ஏறினாலே சூடு தப்பாகக் காட்டும். 30 டிகிரியில் சென்சார் ஏறத்தாழ 111.7 ஓம் இருக்க வேண்டும். மல்டிமீட்டரில் பார்க்கும்போது ஒயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

கடைசியாக, எஸ்எஸ்ஆர் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். அப்போது கன்ட்ரோலர் அணைத்தாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். தனி சென்சாரோடு ஒரு தெர்மோஸ்டாட் வாங்கி 85-ல் வைத்து, ஹீட்டர் லைனில் உள்ள தனிக் கான்டாக்டரின் காயிலை அதன் வழியாகக் கொடுங்கள். கன்ட்ரோலரின் அலாரம் ரிலேயை மட்டும் நம்பிவிட வேண்டாம்.