பகடை விழுந்த பிறகு

வணக்கம் சார்,
நான்கு பேரை நிலவறைக்குள் கூட்டிப்போய் அரக்கர்களோடு மோதவைக்கும் 'ஃபோர் அகெய்ன்ஸ்ட் டார்க்னெஸ்' ஆட்டத்தைத் தனியாக விளையாடுகிறேன். கட்டம் போட்ட நோட்டு, பென்சில், இரண்டு பகடை, அவ்வளவுதான். போன வாரம் என் மந்திரவாதி மூன்றாவது அறையிலேயே செத்துப்போனாள். மனசு கேட்காமல் பகடையை மறுபடி உருட்டிப் பிழைக்க வைத்துவிட்டேன். அதற்கப்புறம் ஏனோ ஆட்டத்தில் மனம் ஒட்டவில்லை. எதிரில் யாருமே இல்லாதபோது இது தப்பா?
சரவணன்

அன்புள்ள சரவணன்,

தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்கு எதிரில் ஒருவர் இருந்தார். அவரை நீங்கள் எழுப்பி அனுப்பிவிட்டீர்கள்.

1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கதாபாத்திர ஆட்டம் வந்தபோது நிலவறையை முன்கூட்டியே வரைந்து, கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துவைத்திருக்க ஒரு நடுவர் தேவைப்பட்டார். அடுத்த ஆண்டே, அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ் தனியாக ஆடுபவர்களுக்கென்று அட்டவணைகள் வெளியிட்டார். பாதை எங்கே திரும்பும், அறை எவ்வளவு பெரிது, உள்ளே என்ன காத்திருக்கிறது, எல்லாவற்றையும் பகடை சொல்லும். உங்கள் ஆட்டமும் அந்த வழியில் வந்ததுதான். பகடையும் அட்டவணையும்தான் உங்கள் நடுவர். அவர் சொன்னதை ஒருமுறை மாற்றிவிட்டால், அடுத்த கதவைத் திறக்கும்போது பயம் எப்படி வரும்?

இரக்கமே கூடாது என்றில்லை. 1982இல் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் எழுதிய 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்' என்ற விளையாட்டுப் புத்தகம் இதை அழகாகச் செய்திருக்கிறது. சிக்கலான இடத்தில் அதிர்ஷ்டத்தைச் சோதிக்கலாம். இரண்டு பகடையின் கூட்டுத்தொகை உங்கள் அதிர்ஷ்ட எண்ணைத் தாண்டாவிட்டால் தப்பித்தீர்கள். ஆனால் பலித்தாலும் பலிக்காவிட்டாலும் அந்த எண்ணில் ஒன்று குறையும். அடுத்த முறை தப்பிப்பது இன்னும் கடினம். என்னைக் கேட்டால், தனி ஆட்டத்துக்காக யோசிக்கப்பட்ட விதிகளில் இதைவிட நல்லது இல்லை.

நீங்களும் அப்படி ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பயணத்துக்கு ஒரே ஒரு மறு உருட்டல் என்று உள்ளே நுழையும் முன்பே தாளில் எழுதிவிடுங்கள். பயன்படுத்தியதும் அடித்துவிடுங்கள். பகடை விழுவதற்கு முன்னால் விதியை மாற்ற உங்களுக்கு முழு உரிமை உண்டு. விழுந்த பிறகு கிடையாது.

இந்த ஆட்டத்தின் ருசியே உருட்டுவதற்கு முன் எடுக்கும் முடிவில்தான் இருக்கிறது. குறுகலான பாதையில் முன்னால் நிற்கும் இருவர்தான் கைகலக்க முடியும். அப்படியானால் மந்திரவாதியை எங்கே நிறுத்துவது? திரும்பிப் போகும்போது, ஏற்கெனவே பார்த்த அறையிலும் பகடையில் ஒன்று விழுந்தால் அலையும் அரக்கர்கள் வந்துவிடுவார்கள். உயிர்ப்புள்ளி குறைந்த நிலையில் வாசலிலிருந்து ஆறு அறை தள்ளி நிற்கும்போது, நீங்களே வரைந்த வரைபடம் உங்களை மிரட்டும். மந்திரவாதி சாக மாட்டாள் என்று தெரிந்தால் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?

இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மூன்றாவது அறையில் அவள் பெயரை எழுதுங்கள். மீதி மூன்று பேரில் விளக்கு யார் கையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, முன்னால் போவதா திரும்புவதா என்று அங்கேயே முடிவெடுங்கள்.