தனி அறையும் மூடிய புத்தகமும்

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீடு ஒரே அறை. தம்பி, பாட்டி, தொலைக்காட்சி எல்லாம் அதற்குள்தான். தினமும் ஆறு மணி நேரம் படிக்கிறேன். ஒவ்வொரு பாடத்தையும் மூன்று முறை படித்து, முக்கியமான வரிகளுக்கு வண்ணம் தீட்டுகிறேன். ஆனாலும் தேர்வில் பாதி மறந்துவிடுகிறது. தனி அறை இல்லாததுதான் காரணம் என்று தோன்றுகிறது. மாதக் கட்டணம் வாங்கும் படிப்பு மையத்தில் சேர அம்மாவிடம் பணம் கேட்கலாமா? படிக்க விடியற்காலை நல்லதா, இரவா? பாட்டுக் கேட்டுக்கொண்டே படிக்கலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள மாணவிக்கு,

கல்லூரிகளுக்குப் பேசப் போகும்போதெல்லாம் பிள்ளைகள் இதே குறையைச் சொல்கிறார்கள். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை.

விடியற்காலையா இரவா என்பதை உங்கள் உடம்பு முடிவு செய்யட்டும். தூக்கத்தை மட்டும் குறைக்காதீர்கள். படிக்கும்போது பாட்டு வேண்டாம். இவற்றில் இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

மூன்று முறை படித்ததை எழுதியிருக்கிறீர்கள், வண்ணம் தீட்டியதை எழுதியிருக்கிறீர்கள். புத்தகத்தை மூடிவைத்து, படித்தது நினைவிருக்கிறதா என்று ஒருமுறையாவது உங்களையே கேட்டுப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. பழகியதையெல்லாம் தெரிந்தது என்று நம்பி, நாளுக்கு ஆறு மணி நேரத்தை வீணாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இவ்வளவு உழைக்கும் பெண் இப்படி ஏமாறுவதைக் கண்டுதான் கடிந்து எழுதுகிறேன்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு கட்டுரைப் பகுதியை நான்கு தவணை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தவணை மட்டும் படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 40 விழுக்காடுதான் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கோ 61 விழுக்காடு. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியிருந்தவர்களும் அந்த 40 விழுக்காட்டுக்காரர்களே.

இந்த ஆராய்ச்சி எதையும் அறியாமலே இதைச் செய்தவர் தண்டையார்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த அக்கா. அவர் வீட்டிலும் ஒரே அறைதான், ஆறு பேர். தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும்போது சிறுவனான என் கையில் வேதியியல் புத்தகத்தைக் கொடுத்து, பாடத்தின் கடைசியிலுள்ள கேள்விகளைக் கேட்கச் சொல்வார். பிளாஸ்டிக் குடத்தைக் காலால் நகர்த்திக்கொண்டே பதில் சொல்லி வருவார். நடுவில் தடுமாறினால் நான் எடுத்துக் கொடுக்க வாய் திறப்பேன். "சொல்லிடாதடா, வருது இரு" என்று அதட்டுவார். வராவிட்டாலும் புத்தகத்தைப் பார்க்க மாட்டார். நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்து நடக்கும்போதும் அதையே தேடிக்கொண்டிருப்பார். வீட்டு வாசலில் குடத்தை இறக்கிவைத்த பிறகுதான் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்குவார். அப்படித் தேடித் தவித்த பதிலை அவர் மறுபடி மறந்து நான் பார்த்ததில்லை. லாரியைச் சுற்றி எவ்வளவு கூச்சல் இருந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புதிய பாடத்தை முதன்முதலாகப் படித்துப் புரிந்துகொள்ள அமைதி வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பக்கத்தில் பேச்சுக்குரல் கேட்டுக்கொண்டிருந்தால் மனம் பாடத்தில் நிற்காது. ஆனால் படித்ததை நினைவிலிருந்து எடுக்கும் வேலைக்கு நான்கு சுவர்கள் தேவையில்லை. ஒரு வினையின் படிகளைப் பழைய தாளின் பின்பக்கத்தில் பார்க்காமல் எழுதுங்கள். தவறிய இடத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, மறுநாள் ஒருமுறை, நாலைந்து நாள் கழித்து இன்னொருமுறை எழுதுங்கள். புத்தகத்தைத் தம்பியிடம் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அவன் பாடம் புரியாதவனாக இருப்பது இன்னும் நல்லது, உங்களுக்கு எடுத்துக் கொடுக்க மாட்டான்.

அமைதியான இடத்துக்காக அம்மாவிடம் பணம் கேட்காதீர்கள். அந்த இடத்தை உங்களுக்குத் தர வேண்டியது அரசு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அதற்காகப் பாடுபட்டவர் எஸ்.ஆர். அரங்கநாதன். இன்றும் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வாங்குகிறார்கள். வாடகை வீட்டில் இருந்தாலும் அந்த வாடகையின் வழியே உங்கள் அம்மாவும் அதில் ஒரு பங்கைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் மாணவர்கள் உட்கார்ந்து படிக்க இடம் இருக்கிறது; ஒருநாள் போய்ப் பாருங்கள். அதற்கு முன்னால் உங்கள் பகுதியின் கிளை நூலகத்துக்குப் போங்கள். அங்கே உட்கார நாற்காலியோ ஓடுகிற மின்விசிறியோ இல்லையென்றால், தோழிகளோடு சேர்ந்து மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு மனு எழுதி எனக்கும் அனுப்புங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.