சாகாக்களைச் சான்றாகக் காட்டலாமா?

கேள்வி: முதுகலை வரலாறு இறுதியாண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு ‘வைக்கிங் காலப் பெண்கள்’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறேன். சாகாக்கள் என்ற பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதைகள் சிலவற்றை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துக் குறிப்பும் எடுத்துவிட்டேன். “இவை பின்னாளில் எழுதிய கதைகள், சான்றாக ஏற்க முடியாது” என்கிறார் வழிகாட்டி. எனக்கு ஐஸ்லாந்து மொழி தெரியாது. தலைப்பையே மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம், சுருக்குங்கள். ‘வைக்கிங் காலப் பெண்கள்’ ஒரு முதுகலை ஆய்வேட்டில் அடங்காது. இரண்டு சாகாக்கள், இரண்டு பெண்கள் போதும்.

உங்கள் வழிகாட்டி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. சாகா சொல்லும் நிகழ்ச்சி 1000-ஆம் ஆண்டை ஒட்டி நடந்தது. அது நூலானது பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டில். இன்று நம் கையில் இருக்கும் சுவடி அதற்கும் பிந்தியது. இந்த மூன்று காலத்தையும் ஒன்றாகக் குழப்பினால்தான் சாகா சான்றாக நிற்காது. பிரித்து வைத்துப் படித்தால் எழுதிய காலத்துக்கு அது முதல்தரச் சான்று.

கிரீன்லாந்து, ஐஸ்லாந்து மக்கள் வட அமெரிக்காவில் ‘வின்லாந்து’ என்று அழைத்த இடத்துக்குப் போன பயணங்களைச் சொல்லும் இரு சாகாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீன்லாந்தவர் சாகா 1387 வாக்கில் எழுதத் தொடங்கிய ஃப்ளாட்டேயார்போக் என்ற பெரிய சுவடியில் மட்டுமே இருக்கிறது. எரிக் த ரெட் சாகா ஹௌக்ஸ்போக், ஸ்கௌல்ஹோல்ட்ஸ்போக் என்ற இரு சுவடிகளில் கிடைக்கிறது. கிரீன்லாந்தில் குடியேற்றத்தைத் தொடங்கிய எரிக்கின் மகள் ஃப்ரைடிஸ் இரண்டு சாகாக்களிலும் வருகிறாள். ஆனால் ஒரே ஆள்தானா என்று கேட்கத் தோன்றும். முதல் சாகாவில் கணவனைத் தூண்டிவிட்டுக் கூட வந்தவர்களைக் கொல்ல வைக்கிறாள். அவர்களோடு இருந்த ஐந்து பெண்களைக் கொல்ல ஆண்கள் மறுக்க, தானே கோடரியை எடுக்கிறாள். மற்றதில் உள்ளூர் மக்கள் தாக்கும்போது ஆண்கள் ஓடுகிறார்கள். கர்ப்பிணியான ஃப்ரைடிஸ் செத்துக் கிடந்தவனின் வாளை எடுத்து, மார்பைத் திறந்து அதன்மேல் வாளை அறைகிறாள். தாக்க வந்தவர்கள் மிரண்டு ஓடுகிறார்கள்.

எது நடந்தது என்று தேடினால் ஆய்வு அங்கேயே முட்டி நின்றுவிடும். இந்த நூல்கள் யாருக்காக இப்படி எழுதப்பட்டன என்று கேளுங்கள். குட்ரிட் என்ற இன்னொரு பெண் அதற்குத் துப்பு தருகிறாள். வின்லாந்துப் பயணத் தலைவன் கார்ல்செஃப்னியின் மனைவி; வின்லாந்தில் மகனைப் பெற்றவள்; கிரீன்லாந்தவர் சாகாவின்படி ரோம் யாத்திரை போய்வந்து துறவியாக வாழ்ந்தவள். அவள் வழியில் வந்த ஆயர்களின் (பிஷப்புகளின்) பெயரோடுதான் இரு சாகாக்களும் முடிகின்றன. ஆயர்களின் குலத்தாய் பக்திமானாக இருந்தாக வேண்டும் அல்லவா? ஃப்ரைடிஸுக்கு அப்படிக் காப்பாற்ற வேண்டிய வம்சம் எதையும் இந்தச் சாகாக்கள் சொல்லவில்லை. இது என் வாசிப்பு. நீங்கள் மறுத்து எழுதினாலும் நல்ல அத்தியாயம் கிடைக்கும்.

சுவடிகளுக்கும் இதே கேள்விதான். ஹௌக்ஸ்போக்கைத் தொகுத்த ஹௌக் எர்லெண்ட்சன் 1334-ல் இறந்தவர். அவர் கார்ல்செஃப்னி வம்சம். வம்சாவளியைத் தன் பெயர்வரை நீட்டியே எழுதிவைத்தார்! கதையின் நடையிலும் கைவைத்தார். ஸ்கௌல்ஹோல்ட்ஸ்போக் சுமார் நூறாண்டு பிந்தியது என்றாலும், மூலத்துக்கு அதுவே நெருக்கம் என்பது அறிஞர்களின் பொதுக் கருத்து. பழைய சுவடிதான் சரியான மூலபாடம் தரும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கையிலுள்ள மொழிபெயர்ப்பு எந்தச் சுவடியைப் பின்பற்றியது என்பது முன்னுரையில் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

நிகழ்ச்சிக்குக் கொஞ்சம் நெருங்கிய நூல்களும் உண்டு. பிரேமன் நகர ஆதாம் என்ற ஜெர்மன் பாதிரியார் 1075 வாக்கில், டென்மார்க் அரசர் சொன்னதாக வின்லாந்தைக் குறிப்பிடுகிறார். ஐஸ்லாந்தின் ஆரி தோர்கில்சன் 1122–1133 காலத்தில் எழுதிய சிறு வரலாற்றில் யாரிடம் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறார்: எரிக்கோடு கிரீன்லாந்து போனவர் ஒருவர் ஆரியின் தந்தையுடைய சகோதரர் தோர்கெலிடம் சொன்னது என்று. ஆரி அந்த நூலை எழுதிக் காட்டிய ஆயர்களில் ஒருவர் தோர்லாக். குட்ரிட் அவருக்குக் கொள்ளுப்பாட்டி. இந்த இழையைப் பிடித்துப் போங்கள்.

அடுத்தது அகழாய்வு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் உள்ள லான்ஸ் ஓ மெடோஸில் 1960-ல் ஹெல்கே இங்ஸ்டாட் வைக்கிங் காலக் குடியிருப்பைக் கண்டார். அகழ்ந்தெடுத்தவர் அவர் மனைவி ஆன் ஸ்டீன். அங்கே கிடைத்த நூல் நூற்கும் தக்களி வட்டு, பெண்கள் இருந்ததற்கு வலுவான அடையாளமாகக் கருதப்படுகிறது. அங்கே கிடைத்த மரத்துண்டுகளில், 993-ஐ ஒட்டிய சூரியப் புயலின் தடம் உள்ள வளையத்திலிருந்து வெளிவளையம்வரை எண்ணி, அவற்றை வெட்டிய ஆண்டு 1021 என்று 2021-ல் நிறுவினார்கள். நார்ஸ் மக்கள் (வைக்கிங் கால வடஐரோப்பியர்) அங்கே இருந்தார்கள் என்பதற்கு இது உறுதியான ஆதாரம். ஃப்ரைடிஸ் என்றொருத்தி இருந்தாளா என்பதற்கு இதில் பதில் இல்லை. ஆய்வேட்டில் இந்த இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

மொழி பற்றி: முதுகலைக்கு மொழிபெயர்ப்பு போதும். ஆனால் உங்கள் வாதம் எந்த வரியில் தொங்குகிறதோ அந்த வரியை மட்டுமாவது மூலத்தோடு ஒப்பிடுங்கள். லண்டனின் வைக்கிங் சொசைட்டி ஃபார் நார்தர்ன் ரிசர்ச் இலக்கணம், பாடப்பகுதி, சொற்பட்டியல் கொண்ட பாடநூலையே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பதிப்புகளும் மொழிபெயர்ப்புகளும் அங்கே நிறைய. 1874-ல் வெளிவந்த கிளீஸ்பி–விக்ஃபுசன் அகராதியும் இலவசம். சுவடிப் படங்களுக்கு ஐஸ்லாந்தின் ‘ஹாண்ட்ரிட்’ தளம் இருக்கிறது.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். தோர்கில்சன் போன்ற பெயர்களின் முதலெழுத்துக்கு ஐஸ்லாந்து மொழியில் தனி வடிவம் உண்டு. ஆங்கில நூல்கள் அதை இரண்டெழுத்தாக எழுதுகின்றன. இரண்டு விதமாகவும் தேடுங்கள். அப்புறம், தோர்கில்சன் என்பது குடும்பப் பெயர் அல்ல, தோர்கில்ஸின் மகன் என்பதுதான். அதனால் ஐஸ்லாந்து நூலகப் பட்டியல்களில் அவர் ‘ஆரி’ என்ற பெயரின்கீழ்தான் வருவார். உங்கள் துணைநூற்பட்டியலிலும் ஐஸ்லாந்து ஆசிரியர்களை அப்படியே அடுக்குங்கள். பல்கலைக்கழகம் வேறு விதி வைத்திருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வழிகாட்டியிடம் புதுத் தலைப்பை இப்படிக் கொண்டுபோகலாம்: ‘வின்லாந்துச் சாகாக்களில் ஃப்ரைடிஸும் குட்ரிடும்: 13-ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தின் பார்வை’. எடுத்த குறிப்புகளில் இந்த இரு சாகாக்களுக்கு வெளியே உள்ளதைத் தனிக் கோப்பில் போட்டுவைக்கவும். முனைவர் பட்டத்துக்குப் போனால் தேவைப்படும்.